மின்சுற்றுக் கணக்கு: முதலில் பெயர் வையுங்கள், பிறகு வகுங்கள்

ஒரு 12 வோல்ட் மின்கல அடுக்கு. அதன் நேர்முனையிலிருந்து கிளம்பும் கம்பி முதலில் ஒரு 4 ஓம் தடைக்குள் போகிறது. அதைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளையில் 6 ஓம், இன்னொன்றில் 12 ஓம். இரண்டும் மறுபடி சேர்ந்து எதிர்முனைக்குத் திரும்புகின்றன. 6 ஓம் தடையில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு?

இந்தக் கணக்குக்கு அடிக்கடி வரும் விடை 2 ஆம்பியர். 12ஐ 6ஆல் வகுத்திருப்பார்கள். சூத்திரம் சரி, வகுத்ததும் சரி, விடை மட்டும் தப்பு. சரியான விடை 1 ஆம்பியர்.

ஓம் விதி தெரியாததால் வந்த பிழை இல்லை இது. 12 வோல்ட் என்பது மின்கல அடுக்கின் இரு முனைகளுக்குச் சொந்தமான எண். 6 ஓம் என்பது வேறொரு பொருளுக்குச் சொந்தமான எண். இரண்டையும் பிடித்து ஒரே சூத்திரத்துக்குள் போட்டதுதான் சிக்கல். நான் பார்த்தவரை, மின்சுற்றுக் கணக்கில் மதிப்பெண் போவது பெரும்பாலும் கணக்குப் போடும் இடத்தில் இல்லை. அதற்கு முன்னால், படத்தில் எதற்கு எந்தப் பெயர், எந்த எண் யாருக்குச் சொந்தம் என்று எழுதாமல் விட்ட இடத்தில்தான் போகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் சூத்திரங்களைவிடக் குறிப்பதற்கும் பெயரிடுவதற்கும் அதிக இடம் கொடுக்கிறேன்.

ஓம் விதியைக் கையில் எடுக்கும் முன்

மின்னழுத்த வேறுபாடு = மின்னோட்டம் × மின்தடை. வாயால் சொல்லும்போது ‘வி ஈக்வல் டு ஐ ஆர்’. இதற்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதை மனதுக்குள் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்: ‘இந்தத் தடையின் இரு முனைகளுக்கு இடையே உள்ள வோல்ட், இந்தத் தடை வழியாக ஓடும் ஆம்பியர், இந்தத் தடையின் ஓம்.’ மூன்று முறையும் ‘இந்த’ வர வேண்டும். ஒன்று மாறினாலும் சூத்திரம் செல்லாது. மொத்த வோல்ட்டை வைத்தால் மொத்த ஓம், மொத்த ஆம்பியர் என்றுதான் வைக்க வேண்டும்.

மொழியிலேயே இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. மின்னோட்டம் எப்போதும் ஒன்றின் ‘வழியாக’ ஓடுகிறது. மின்னழுத்த வேறுபாடு எப்போதும் இரண்டு புள்ளிகளுக்கு ‘இடையே’ இருக்கிறது. ‘இந்தப் புள்ளியில் 8 வோல்ட்’ என்று யாராவது சொன்னால், எந்தப் புள்ளியோடு ஒப்பிட்டு என்று உடனே கேளுங்கள். மலை உச்சியின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து சொல்வதுபோல, சுற்றில் ஏதாவது ஒரு புள்ளியைச் சுழி என்று நாமே வைத்துக்கொண்டு மற்றதை அதிலிருந்து அளக்கிறோம். எதைச் சுழியாக வைத்தாலும் விடை மாறாது. பெரும்பாலும் மின்கல அடுக்கின் எதிர்முனையை வைப்பது வசதி.

அலகுகளைப் பற்றி ஒரு வரி போதும். வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றும் ஒரு குடும்பம். வோல்ட், மில்லி ஆம்பியர், கிலோ ஓம் இன்னொரு குடும்பம். ஒரு கணக்கில் ஒரு குடும்பம்தான். 9 வோல்ட்டை 3 கிலோ ஓமால் வகுத்தால் வருவது 3 மில்லி ஆம்பியர், 3 ஆம்பியர் இல்லை.

படத்தைத் திரும்ப வரையுங்கள்

கேள்வித்தாளில் இருக்கும் படத்தை நம்பி நேரடியாகக் கணக்கில் இறங்காதீர்கள். குழப்புவதற்கென்றே வரைந்த படங்கள் உண்டு. அதை உங்கள் கையால் திரும்ப வரைய வேண்டும். வரையும்போது ஒரே ஒரு விதி: நடுவில் எந்தப் பொருளும் இல்லாத வெறும் கம்பி, எவ்வளவு நீளமாக இருந்தாலும், எப்படி வளைந்து போனாலும், அது முழுக்க ஒரே புள்ளி. கம்பியின் தடையைச் சுழி என்று எடுத்துக்கொள்வதால், அதன் இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு கிடையாது. எனவே கம்பி முழுமைக்கும் ஒரே பெயர்.

வண்ணப் பென்சில் இருந்தால் இன்னும் நல்லது. நேர்முனையில் சிவப்பால் தொடங்கி, கம்பி போகும் இடமெல்லாம் பூசிக்கொண்டே போங்கள். ஒரு தடையை முட்டியதும் நிறுத்துங்கள். தடைக்கு அந்தப்புறம் வேறு நிறம். எத்தனை நிறம் தேவைப்படுகிறதோ அத்தனை புள்ளிகள்தான் அந்தச் சுற்றில் இருக்கின்றன. சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் சிக்கலான படத்தில் நான் இன்றைக்கும் செய்வது இதைத்தான்.

இது எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஒரு பழைய புதிர். ஒரே கோட்டில் அ, ஆ, இ, ஈ என நான்கு புள்ளிகள். அ–ஆ நடுவில் 6 ஓம், ஆ–இ நடுவில் 6 ஓம், இ–ஈ நடுவில் 6 ஓம். இதோடு, அ–வையும் இ–யையும் ஒரு வெறும் கம்பி மேலே வளைந்து இணைக்கிறது. ஆ–வையும் ஈ–யையும் இன்னொரு கம்பி கீழே வளைந்து இணைக்கிறது. அ–வுக்கும் ஈ–க்கும் இடையே மொத்தத் தடை எவ்வளவு?

பார்த்ததும் மூன்றும் தொடரில் இருப்பதுபோலத் தெரியும், 18 ஓம் என்று எழுதக் கை துடிக்கும். இப்போது நிறம் பூசுங்கள். அ சிவப்பு என்றால் கம்பி வழியாக இ–யும் சிவப்பு. ஈ நீலம் என்றால் ஆ–வும் நீலம். ஆக இரண்டே நிறம். முதல் தடை சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில். இரண்டாவதும் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவில். மூன்றாவதும் அப்படியே. மூன்றுமே பக்க இணைப்பு! விடை 6 ÷ 3 = 2 ஓம்.

தொடரா, பக்க இணைப்பா என்பதைப் படத்தின் தோற்றத்தை வைத்துச் சொல்லக்கூடாது. இரண்டு தடைகளின் இரு முனைகளும் அதே இரு நிறங்களில் இருந்தால் பக்க இணைப்பு. இரண்டு தடைகளுக்கு நடுவே ஒரு புள்ளி இருந்து, அந்தப் புள்ளியில் மூன்றாவதாக எதுவுமே வந்து சேரவில்லை என்றால் தொடர் இணைப்பு. இரண்டிலும் சேராத சோடிகளும் உண்டு. அவற்றை வலுக்கட்டாயமாக எதிலாவது சேர்ப்பது அடுத்த பெரிய பிழை. அவை எப்படி இருக்கும் என்று கடைசிக் கணக்கில் பார்ப்போம்.

சுருக்கிக்கொண்டே போய், விரித்துக்கொண்டே திரும்புங்கள்

ஒரே ஒரு மின்கல அடுக்கு, மற்றதெல்லாம் தொடரும் பக்க இணைப்புமாக இருந்தால், பின்னால் பார்க்கப்போகும் கிர்க்காஃப் விதிகள் வரை போக வேண்டியதில்லை. தொடரில் தடைகளைக் கூட்டுகிறோம். பக்க இணைப்பில் தலைகீழ்களைக் கூட்டி, வந்ததைத் தலைகீழாக்குகிறோம். இரண்டே இரண்டு தடை என்றால் பெருக்கலைக் கூட்டலால் வகுத்தால் போதும். இந்தக் குறுக்குவழி இரண்டு தடைக்கு மட்டுந்தான். மூன்றைப் பெருக்கி மூன்றின் கூட்டலால் வகுத்தால் வருவது ஓமே இல்லை, ஓம் வர்க்கம். அலகைப் பார்த்தாலே தப்பு தெரிந்துவிடும்.

முதல் கணக்குக்குத் திரும்புவோம். 6 ஓமும் 12 ஓமும் பக்க இணைப்பு: 72 ÷ 18 = 4 ஓம். பக்க இணைப்பின் விடை அதிலுள்ள மிகச் சிறிய தடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 4 என்பது 6ஐவிடக் குறைவு, சரி. இதோடு தொடரில் இருக்கும் 4 ஓமைக் கூட்டினால் மொத்தம் 8 ஓம். இப்போது மின்கல அடுக்கின் 12 வோல்ட்டைப் பயன்படுத்தலாம், ஏனென்றால் அதற்குப் பொருத்தமான மொத்தத் தடை கையில் இருக்கிறது. 12 ÷ 8 = 1.5 ஆம்பியர். இது மொத்த மின்னோட்டம்.

பலர் இங்கே வந்ததும் அவசரப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள், அல்லது இந்த 1.5ஐயே எல்லாத் தடைக்கும் எழுதிவிடுகிறார்கள். சுருக்கியதை அதே வழியில் விரிக்க வேண்டும். 4 ஓம் தடை வழியாக மொத்த மின்னோட்டமும் போயாக வேண்டும், அதற்கு வேறு வழியில்லை. அதன் குறுக்கே 1.5 × 4 = 6 வோல்ட். 12இல் 6 போக மிச்சம் 6 வோல்ட், அது பக்க இணைப்பின் இரு முனைகளுக்கு இடையே. இப்போது 6 ஓம் தடைக்கு அதற்கே சொந்தமான வோல்ட் கிடைத்துவிட்டது: 6 ÷ 6 = 1 ஆம்பியர். 12 ஓமுக்கு 6 ÷ 12 = 0.5 ஆம்பியர். இரண்டையும் கூட்டினால் 1.5. சந்தியில் வந்தது எவ்வளவோ, போனதும் அவ்வளவு.

சரிபார்க்க எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது: திறன் கணக்கு. மின்கல அடுக்கு தருவது 12 × 1.5 = 18 வாட். தடைகள் எடுப்பது மின்னோட்டத்தின் வர்க்கம் × தடை. 4 ஓமில் 2.25 × 4 = 9 வாட். 6 ஓமில் 1 × 6 = 6 வாட். 12 ஓமில் 0.25 × 12 = 3 வாட். கூட்டினால் 18. கொடுத்ததும் எடுத்ததும் பைசா பிசகாமல் பொருந்துகிறது. எங்காவது ஒரு மின்னோட்டம் தப்பாக இருந்தால் இந்தக் கூட்டல் அநேகமாக உதைக்கும். கணக்கு முடிந்தபின் அரை நிமிடம் இதற்குச் செலவழிப்பது வீண் இல்லை.

இரண்டு மின்கல அடுக்கு வந்துவிட்டால்

கியோர்க் சீமோன் ஓம் தன் விதியைப் புத்தகமாக வெளியிட்டது 1827இல். அந்த விதியை மட்டும் வைத்துக்கொண்டு பல கிளைகளும் பல மின்கலங்களும் உள்ள வலையைத் தீர்க்க முடியாது. 1845இல், கோனிக்ஸ்பர்க்கில் மாணவராக இருந்த குஸ்தாவ் கிர்க்காஃப் அதற்கு இரண்டு விதிகளைக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 21.

முதல் விதி: ஒரு சந்திக்குள் வரும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகையும் வெளியே போகும் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகையும் சமம். சந்தியில் மின்னூட்டம் தேங்கிக் கிடக்காது, அவ்வளவுதான். இரண்டாம் விதி: மூடிய பாதை ஒன்றைச் சுற்றி வந்தால் மின்னழுத்த ஏற்ற இறக்கங்களின் மொத்தம் சுழி. கிளம்பிய படிக்கட்டுக்கே திரும்பி வந்தால், ஏறிய படிகளும் இறங்கிய படிகளும் சமமாகத்தானே இருக்க வேண்டும்.

இந்த இரண்டாம் விதியில்தான் குறிகள் காலை வாரும். அதற்கு நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. விரலைச் சுற்றின் மேல் வைத்து நகர்த்துங்கள். மின்கல அடுக்கின் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்கு விரல் போனால் ஏற்றம், கூட்டல் குறி. நேர்முனையிலிருந்து எதிர்முனைக்குப் போனால் இறக்கம், கழித்தல் குறி. அந்த மின்கலத்தில் மின்னோட்டம் எந்தப் பக்கம் ஓடினாலும் இது மாறாது. தடையைக் கடக்கும்போது மட்டும் மின்னோட்டத்தைப் பார்க்க வேண்டும்: அம்புக்குறி போகும் திசையிலேயே விரல் போனால் இறக்கம், எதிர்த்துப் போனால் ஏற்றம். மின்கலத்துக்கு அதன் முனைகள், தடைக்கு அம்புக்குறி. இரண்டையும் கலக்காதீர்கள்.

அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவது என்று பயப்பட வேண்டாம். இஷ்டப்படி போடுங்கள். தப்பாகப் போட்டிருந்தால் விடை கழித்தல் குறியோடு வரும், அளவு சரியாகவே இருக்கும். ஒரே ஒரு கட்டுப்பாடு, போட்டபின் பாதிக் கணக்கில் திருப்பக்கூடாது. எனக்குத் தெரிந்து முழுப் பக்கம் கணக்குப் போட்டு விடை தவறியவர்களில் பலர் இந்த இடத்தில்தான் வழுக்கியிருக்கிறார்கள். நடுவில் ‘ஓகோ, இது இந்தப் பக்கம் ஓடும் போலிருக்கிறதே’ என்று தோன்றி, ஒரு சமன்பாட்டில் மட்டும் குறியை மாற்றிவிடுவார்கள்.

ஒரு கணக்கு. மேலே ப என்ற சந்தி, கீழே சுழி என்று வைத்துக்கொண்ட சந்தி. இரண்டுக்கும் நடுவே மூன்று கிளைகள். இடக்கிளையில் 14 வோல்ட் மின்கல அடுக்கும் 2 ஓமும். வலக்கிளையில் 5 வோல்ட் மின்கல அடுக்கும் 3 ஓமும். இரண்டின் நேர்முனையும் மேலே பார்த்து இருக்கிறது. நடுக்கிளையில் 4 ஓம் மட்டும்.

இடக்கிளையில் மேல்நோக்கிய மின்னோட்டம் க என்றும், வலக்கிளையில் மேல்நோக்கிய மின்னோட்டம் ச என்றும் அம்பு போடுகிறேன். சந்தி விதிப்படி நடுவில் கீழ்நோக்கி ஓடுவது க + ச. இதை மூன்றாவது எழுத்தாக வைக்காமல் இப்போதே க + ச என்று எழுதிவிட்டால் ஒரு சமன்பாடு மிச்சம்.

இடப்பக்கச் சுற்றில் விரல் வைத்து, கீழிருந்து இடக்கிளை வழியாக ஏறி நடுக்கிளை வழியாக இறங்குகிறேன்:

14 − 2க − 4(க + ச) = 0
6க + 4ச = 14, அதாவது 3க + 2ச = 7

வலப்பக்கம் அதேபோல, வலக்கிளையில் ஏறி நடுவில் இறங்குகிறேன்:

5 − 3ச − 4(க + ச) = 0
4க + 7ச = 5

முதல் சமன்பாட்டை 4ஆலும் இரண்டாவதை 3ஆலும் பெருக்கினால் 12க + 8ச = 28, 12க + 21ச = 15. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 13ச = −13. எனவே ச = −1, க = 3. நடுவில் 3 − 1 = 2 ஆம்பியர்.

ச–வுக்குக் கழித்தல் குறி வந்திருப்பதைப் பார்த்து மிரண்டு போய்க் கணக்கை அடித்துவிடாதீர்கள். வலக்கிளையில் மின்னோட்டம் நான் நினைத்தபடி மேலே ஏறவில்லை, 1 ஆம்பியர் கீழே இறங்குகிறது. அதாவது 5 வோல்ட் மின்கல அடுக்கு கொடுக்கவில்லை, வாங்கிக்கொள்கிறது. 14 வோல்ட் அடுக்கு அதை மின்னேற்றம் செய்கிறது. திறனிலும் அது தெரியும்: கொடுப்பது 14 × 3 = 42 வாட். எடுப்பது 2 ஓமில் 18, 4 ஓமில் 16, 3 ஓமில் 3, கூடவே 5 வோல்ட் அடுக்குக்குள் போகும் 5 × 1 = 5 வாட். மொத்தம் 42.

சந்தி முறை: கை பழகினால் இதுதான் எனக்கு

அதே கணக்கை வேறு வழியில். மின்னோட்டங்களைத் தேடாமல் ப சந்தியின் வோல்ட்டைத் தேடுவோம். அதையும் ப என்றே எழுதுகிறேன். இடக்கிளையிலிருந்து சந்திக்கு வருவது (14 − ப) ÷ 2. வலக்கிளையிலிருந்து வருவது (5 − ப) ÷ 3. நடுக்கிளை வழியாகப் போவது ப ÷ 4. வருவதும் போவதும் சமம்:

(14 − ப)/2 + (5 − ப)/3 = ப/4

12ஆல் பெருக்கினால் 84 − 6ப + 20 − 4ப = 3ப. எனவே 13ப = 104, ப = 8 வோல்ட். மின்னோட்டங்கள் உடனே கிடைக்கின்றன: இடது 6 ÷ 2 = 3, வலது −3 ÷ 3 = −1, நடு 8 ÷ 4 = 2.

அங்கே இரண்டு தெரியாத எண், இங்கே ஒன்று. விரல் நகர்த்துதல், ஏற்ற இறக்கக் குறி எதுவும் இல்லை. பள்ளிப் பாடத்தில், முன்னே விரல் நகர்த்திச் செய்த சுற்று முறையைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தேர்வில் அதைக் கேட்டால் அதையே எழுதுங்கள். வீட்டில் சரிபார்க்கச் சந்தி முறையை வைத்துக்கொள்ளுங்கள்.

மின்கலமும் ஒரு தடைதான்

இதுவரை மின்கலம் எவ்வளவு மின்னோட்டம் கொடுத்தாலும் அதன் வோல்ட் மாறாது என்று வைத்துக்கொண்டோம். நிஜத்தில் ஒவ்வொரு மின்கலத்துக்கு உள்ளேயும் அகத்தடை உண்டு. ஓமே இதனால் அவதிப்பட்டவர். அவர் காலத்து மின்கலங்கள் சோதனை நடக்கும்போதே தளர்ந்துபோயின. அதனால் 1826இல் அவற்றை ஒதுக்கிவிட்டு, சீரான மின்னழுத்தம் தரும் வெப்ப மின்னிரட்டையை (இரு உலோகங்களின் இணைப்புகளுக்கு இடையிலான வெப்ப வேறுபாட்டால் மின்னழுத்தம் தருவது) வைத்துத்தான் அளந்தார்.

கணக்கில் இதைக் கையாள்வது எளிது. மின்கலத்தை, குறையாத மின்னியக்கு விசை (மின்னோட்டம் ஓடாதபோது முனைகளில் இருக்கும் வோல்ட்) ஒன்றும் அதோடு தொடரில் ஒரு சிறு தடையும் என்று பிரித்து வரையுங்கள். 1.5 வோல்ட் மின்கலம், அகத்தடை 0.5 ஓம், வெளியே 2.5 ஓம் தடை என்றால் மின்னோட்டம் 1.5 ÷ 3 = 0.5 ஆம்பியர். மின்கலத்தின் முனைகளில் கிடைப்பது 1.5 − 0.5 × 0.5 = 1.25 வோல்ட் மட்டுமே. முனைகளைக் கம்பியால் நேரடியாக இணைத்தாலும் 1.5 ÷ 0.5 = 3 ஆம்பியருக்கு மேல் போகாது.

டார்ச்சில் எரியாத பழைய பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்தால் ஏறக்குறைய முழு வோல்ட்டைக் காட்டுகிறதே என்று குழம்பியிருக்கிறீர்களா? மீட்டர் வழியாக மின்னோட்டம் ஓடுவதே இல்லை என்னும் அளவுக்குக் குறைவு, அதனால் அகத்தடையில் இழப்பும் இல்லை. பல்பைப் பொருத்தி எரியவிட்டுக்கொண்டே அளந்து பாருங்கள், சாயம் வெளுத்துவிடும்.

இதன் மறுபக்கக் கேள்வியும் வரும்: வெளியே 2.5 ஓம் வைத்தால் 0.5 ஆம்பியர், 5.5 ஓம் வைத்தால் 0.25 ஆம்பியர், மின்னியக்கு விசையும் அகத்தடையும் எவ்வளவு? மின்னியக்கு விசை இரண்டு முறையும் ஒன்றே. அகத்தடையை ர என்றால் 0.5(2.5 + ர) = 0.25(5.5 + ர). ர = 0.5 ஓம், மின்னியக்கு விசை 1.5 வோல்ட்.

ஓம் விதி செல்லாத பொருள், தொல்லை தரும் மீட்டர்

எல்.ஈ.டி.க்கு நிலையான ஓம் என்று ஒன்று கிடையாது. வோல்ட்டை இரட்டித்தால் அதில் மின்னோட்டம் இரட்டிப்பாகாது, எகிறிவிடும். ஆனால் கிர்க்காஃப் விதிகளுக்குப் பொருள் எதுவானாலும் கவலையில்லை. 9 வோல்ட் பேட்டரி, எரியும்போது சுமார் 2 வோல்ட் எடுக்கும் சிவப்பு எல்.ஈ.டி., வேண்டிய மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர். தொடரில் போடும் தடையின் குறுக்கே மிச்சமிருப்பது 7 வோல்ட். ஓம் விதியை அந்தத் தடைக்கு மட்டும் போடுங்கள்: 7 ÷ 0.02 = 350 ஓம். வழக்கமாகக் கிடைக்கும் வரிசையில் பக்கத்தில் இருப்பவை 330, 390. பாதுகாப்புக்கு 390 எடுத்தால் ஏறக்குறைய 18 மில்லி ஆம்பியர். தடையில் சூடாவது 0.13 வாட்டுக்குள், கால் வாட் தடை தாங்கும்.

அளவு மீட்டரும் சுற்றின் ஓர் உறுப்புதான் என்பதையும் மறக்கக்கூடாது. 10 வோல்ட்டுக்குக் குறுக்கே 1 மெகா ஓம் தடைகள் இரண்டு தொடரில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 5 வோல்ட் இருக்க வேண்டும். டிஜிட்டல் மல்டிமீட்டர்களில் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். அதை ஒரு தடைக்குக் குறுக்கே வைத்ததும், அந்த இடத்தில் 1 மெகா ஓமும் 10 மெகா ஓமும் பக்க இணைப்பாகி 0.909 மெகா ஓம் ஆகிவிடும். மீட்டர் காட்டுவது 4.76 வோல்ட். கணக்கும் சரி, மீட்டரும் சரி. அளக்கப் போனபோது சுற்றே மாறிவிட்டது.

தொடரும் இல்லை, பக்க இணைப்பும் இல்லை

கடைசியாக, சுருக்கவே முடியாத சுற்று. நான்கு தடைகள் வைர வடிவில், நடுவே குறுக்காக ஐந்தாவது. சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி 1833இல் விவரித்து, 1843இல் சார்லஸ் வீட்ஸ்டனால் பரவலாக அறியப்பட்டு, இன்று வீட்ஸ்டன் சமனச் சுற்று என்று அவர் பெயரிலேயே வழங்குவது.

முதலில் சமநிலை இருக்கிறதா என்று பாருங்கள். மேல் கிளையில் 2 ஓம், 4 ஓம்; கீழ்க் கிளையில் 3 ஓம், 6 ஓம் என்றால் 2 ÷ 4 = 3 ÷ 6. நடுத்தடையின் இரு முனைகளும் ஒரே வோல்ட்டில் இருக்கும், அதன் வழியாக எதுவும் ஓடாது. அதைக் கழற்றி எறிந்துவிடலாம்: 6 ஓமும் 9 ஓமும் பக்க இணைப்பு, 3.6 ஓம். அதற்குப் பதிலாக அங்கே வெறும் கம்பி போட்டாலும் (∥ என்பது பக்க இணைப்பின் குறி) 2 ∥ 3 = 1.2, 4 ∥ 6 = 2.4, கூட்டினால் அதே 3.6. மின்னோட்டம் ஓடாத இடத்தில் கம்பி இருந்தால் என்ன, வெட்டியிருந்தால் என்ன!

சமநிலை இல்லாவிட்டால் சந்தி முறை. 12 வோல்ட் மின்கல அடுக்கு. மேல் கிளையில் 2 ஓம், பிறகு ப சந்தி, பிறகு 8 ஓம். கீழ்க் கிளையில் 6 ஓம், பிறகு ம சந்தி, பிறகு 3 ஓம். ப–வுக்கும் ம–வுக்கும் நடுவே 2 ஓம். இங்கே நிறம் பூசிப் பாருங்கள். நான்கு நிறம் வரும், எந்த இரண்டு தடைக்கும் ஒரே சோடி நிறம் கிடையாது, எந்தச் சந்தியிலும் இரண்டு தடை மட்டும் சேர்வதும் இல்லை. சுருக்கும் வழி அடைபட்டது என்று படமே சொல்லிவிடுகிறது.

ப சந்தியில்: (12 − ப)/2 = ப/8 + (ப − ம)/2. எட்டால் பெருக்கி அடுக்கினால் 9ப − 4ம = 48.

ம சந்தியில்: (12 − ம)/6 + (ப − ம)/2 = ம/3. ஆறால் பெருக்கி அடுக்கினால் 2ம − ப = 4.

இரண்டாவதிலிருந்து ப = 2ம − 4. முதலாவதில் போட்டால் 14ம = 84. ம = 6 வோல்ட், ப = 8 வோல்ட்.

2 ஓமில் 2 ஆம்பியர், 8 ஓமில் 1, 6 ஓமில் 1, 3 ஓமில் 2, நடுவில் ப–விலிருந்து ம–வுக்கு 1. மின்கல அடுக்கிலிருந்து கிளம்புவது 2 + 1 = 3 ஆம்பியர், மொத்தத் தடை 12 ÷ 3 = 4 ஓம். திறன்: 12 × 3 = 36 வாட் ஒரு பக்கம். மறுபக்கம் 8, 8, 6, 12, 2. கூட்டிப் பாருங்கள்.